முதலில் பிறர் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்

2006-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு ஒன்று ‘நேச்சர் மெடிசின்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. புற்றுக்கட்டியில் எந்தெந்த மரபணுக்கள் எவ்வளவு வெளிப்படுகின்றன என்று பார்த்தால், எந்த மருந்து எந்த நோயாளிக்குக் கேட்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றது அக்கட்டுரை. ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் புள்ளியியலாளர்கள் கீத் பேகர்லியும் கெவின் கூம்ஸும் அந்தக் கணக்கைச் சரிபார்க்க அமர்ந்தார்கள். அவர்கள் கையில் இருந்தவை தொடக்கத் தரவும் இறுதி முடிவும்தான். இடையில் நடந்ததைத் துப்பறிந்துதான் அறிய வேண்டியிருந்தது. மரபணுப் பட்டியல் ஒரு வரிசை நழுவியிருந்தது தெரியவந்தது. ‘கேட்கும்’, ‘கேட்காது’ என்ற அடையாளங்களும் சில இடங்களில் தலைகீழாகக் கிடந்தன. அதற்குள் இம்முறையை நம்பி நோயாளிகளிடம் சோதனைகள் தொடங்கிவிட்டன. இருவரும் 2009-இல் எல்லாவற்றையும் விரிவாக எழுதி வெளியிட்ட பிறகும் 2010 வரை சோதனைகள் முழுமையாக நிற்கவில்லை. கட்டுரை 2011-இல் திரும்பப் பெறப்பட்டது.

அந்த ஆய்வில் தரவு திரிக்கப்பட்டிருந்ததை அமெரிக்க அரசின் ஆய்வு நேர்மை அலுவலகம் 2015-இல் உறுதி செய்தது. ஆனால் பயிற்சி தருபவர்கள் கவனிக்க வேண்டியது அந்த ஒரு வரிசை நழுவலைத்தான். இத்தகைய ஆய்வுகளில் அடிக்கடி நேரும் பிழைகள் மிக எளியவை, எளிய பிழைகள்தாம் அடிக்கடி நேர்கின்றன என்று பேகர்லியும் கூம்ஸும் எழுதினார்கள். இது நம் அன்றாட வேலைக்கும் பொருந்தும். ‘பெட்’ கோப்பு இடங்களை 0-இலிருந்து எண்ணுகிறது, ‘ஜிஎஃப்எஃப்’ கோப்பும் ‘விசிஎஃப்’ கோப்பும் 1-இலிருந்து எண்ணுகின்றன. ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது ஓர் எண் தவறினாலும் நிரல் நிற்காது, எச்சரிக்காது, அழகான படம் ஒன்றை வரைந்தும் கொடுக்கும். செய்த ஒவ்வொரு படியும் எழுத்தில் இருந்தால்தான் இன்னொருவர் கண்ணுக்கு அது தட்டுப்படும்.

இப்படி எழுதிவைக்கும் பழக்கத்தை மாணவர்களுக்கு இப்போது எப்படிக் கற்றுத்தருகிறோம்? பெரும்பாலும் இரண்டு நாள் பயிலரங்கில். முதல் நாள் கிட், கோண்டா; மறுநாள் ஸ்னேக்மேக் அல்லது நெக்ஸ்ட்ஃப்ளோ; மாலையில் சான்றிதழ். 1998-இல் தொடங்கிய ‘சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி’ முயற்சி இந்த வடிவத்தை உலகெங்கும் கொண்டுசென்றது. கட்டளை வரியைக் கண்டு அஞ்சிய எத்தனையோ உயிரியலாளர்களுக்கு அது கதவைத் திறந்துவிட்டது. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் கதவு திறந்ததும் பயிற்சி முடிந்துவிட்டதாக நினைப்பது தவறு. அமெரிக்காவின் 53 நிறுவனங்களைச் சேர்ந்த 294 உயிரறிவியல் முனைவர் பட்ட மாணவர்களை ஆராய்ந்து 2017-இல் ‘பிஎன்ஏஎஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. குறுகிய காலப் பயிற்சி முகாம்களுக்குச் சென்றவர்களுக்கும் செல்லாதவர்களுக்கும் இடையே திறனிலோ வெளியீடுகளிலோ வேறுபாடு தெரியவில்லை என்றது அது. இதைப் படித்தும் பயிலரங்குகளின் எண்ணிக்கையைச் சாதனையாக எழுதிக்கொண்டிருப்பது நியாயமாகப் படவில்லை.

மாணவருக்கு முதல் பருவத்தில் கொடுக்க வேண்டிய வேலை, வெளியான கட்டுரையொன்றில் உள்ள ஒரே ஒரு படத்தை மறுபடி உருவாக்குவது. மூலத்தரவைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து இறக்கி, கட்டுரையின் செய்முறைப் பகுதியை மட்டும் வழிகாட்டியாகக் கொண்டு அவர் அதைச் செய்ய வேண்டும். இரண்டாம் வாரத்திலேயே கேள்விகள் எழும். எந்த மரபணுத்தொகுதிப் பதிப்பு, ஜிஆர்சிஎச் 37-ஆ 38-ஆ? குறைந்த எண்ணிக்கையுள்ள மரபணுக்களை எந்த வரம்பில் நீக்கினார்கள்? கொத்துப் பகுப்பில் தற்போக்கு எண்ணுக்கான விதை என்ன? விடை கிடைக்காத ஒவ்வொரு கேள்வியையும் குறித்துவைக்கும் மாணவர், தம் ஆய்வில் எதை எழுதிவைக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லாமலே அறிந்துகொள்வார். 2009-இல் அயோனிடிஸ் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 18 மைக்ரோஅரே கட்டுரைகளின் பகுப்பாய்வை இப்படி மறுபடி செய்து பார்த்தார்கள். 2 மட்டுமே சரியாக வந்தன, 6 ஓரளவு வந்தன, 10 வரவேயில்லை. தரவு கிடைக்காததே தோல்விக்கு முதன்மைக் காரணம்.

பழக்கத்தை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு எக்செல் கதையே போதும். ‘செப்ட்2’, ‘மார்ச்1’ போன்ற மரபணுப் பெயர்களை அது தேதிகளாக மாற்றிவிடுகிறது என்பது 2004-இலேயே அச்சில் வந்த செய்தி. எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் அந்தப் பிழை இருப்பதாக 2016-இல் இன்னோர் ஆய்வு காட்டியது. கடைசியில் மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. 2020-இல் பெயரிடல் குழு ‘செப்டின்2’, ‘மார்ச்எஃப்1’ என்று அறிவித்தது.

நெறியாளர் பங்கேற்காமல் இந்த மறுஆக்கப் பயிற்சி நடக்காது. ஆய்வகக் கூட்டத்தில் படத்தைக் காட்டும் மாணவரிடம், அதை வரைந்த நிரலையும் திறந்துகாட்டச் சொல்லும் நெறியாளர் எந்தப் பயிலரங்கையும்விட அதிகம் கற்றுத்தருகிறார். நோயாளிகளின் மரபணுத்தரவை அப்படியே வெளியிட முடியாது, வெளியிடவும் கூடாது. கட்டுப்பாட்டுடன் அணுகத்தரும் களஞ்சியங்கள் அதற்கென உள்ளன. ஆயினும் நிரலைப் பூட்டிவைக்க அது சாக்காகாது. சிறிய செயற்கைத் தரவை இணைத்தால் எவரும் அதை ஓட்டிப்பார்க்கலாம்.

அடுத்த இதழிலிருந்து மறுஆக்க அறிக்கைகளுக்கு இங்கே தனிப் பகுதி இருக்கும். முனைவர் பட்ட மாணவர்கள் எழுதலாம், நடுவர் மதிப்பீடும் உண்டு. படம் வந்ததா இல்லையா என்பதை வைத்து ஏற்பும் மறுப்பும் முடிவாகா. நிரல், மென்பொருள் பதிப்புகள், விடை கிடைக்காத கேள்விகளின் பட்டியல் ஆகியவை முழுமையாக இருக்க வேண்டும். மூலக் கட்டுரையின் ஆசிரியர்களுக்கு முன்கூட்டியே அனுப்பி, அவர்கள் பதிலையும் உடன் வெளியிடுவோம்.