உடற்பயிற்சி செய்ய யாருடைய நேரம்?

கழுத்து வலிக்கிறது, முதுகு வலிக்கிறது என்று சொல்லும் திருப்பூர்ப் பெண்ணுக்குக் கிடைக்கும் பதில்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். "வயசாகுதில்ல." "சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அதுதான் அம்மிணி." "ரெண்டு புள்ள பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்." "தினமும் எக்சர்சைஸ் பண்ணு கண்ணு." காரணம் முழுக்க அவள் உடம்புக்குள்ளேயே தேடப்படுகிறது. அவள் பார்க்கும் ஒன்றரை ஷிப்ட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை. ஓவர்லாக், ஃபிளாட்லாக் மெஷினில் தைக்கிறவள் சாய்மானமில்லாத ஸ்டூலில் கழுத்தை முன்னால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். செக்கிங் பெண் நின்றபடியே மேசைமீது குனிகிறாள். பிசிர் வெட்டுகிறவள் குனிந்த தலையை நிமிர்த்தினால் பீஸ் எண்ணிக்கை குறையும். நிமிர்ந்திருக்கும்போது தலையின் எடையைக் கழுத்தெலும்பு தாங்குகிறது. குனிந்தால் பிடரித் தசைகள்தான் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். அசையாமல் மணிக்கணக்கில் இழுத்துப் பிடிக்கும் தசையில் ரத்த ஓட்டம் குறைகிறது, வலிக்கிறது. பிரசவத்தின்போது முதுகில் போடும் ஊசிதான் வருடக்கணக்கில் தொடரும் முதுகுவலிக்குக் காரணம் என்பதற்கு மருத்துவ ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. தேட வேண்டிய ஊசி தையல் மெஷினில் இருக்கிறது.

வலிக்கு நமக்குக் கிடைக்கும் மருத்துவம் என்ன? தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் மாதவிடாய் வலிக்குப் பெயரில்லாத மாத்திரைகள் வேலையிடத்திலேயே கொடுக்கப்படுவதை, ஏறக்குறைய 100 பெண்களிடம் பேசி, தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019இல் வெளிக்கொண்டுவந்தது. உடம்பு சரியாக வேண்டும் என்பதற்காகக் கொடுக்கப்பட்டவை அல்ல அவை, லைன் நிற்கக் கூடாது என்பதற்காகக் கொடுக்கப்பட்டவை. முதுகுவலிக்கு மெடிக்கல் கடை மாத்திரையும் இடுப்பு பெல்ட்டும் செய்வது இதே வேலையைத்தான். நாள்பட்ட இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, இடுப்பு பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது. உடற்பயிற்சி, நோயைப் பற்றிய விளக்கம், தேவைப்பட்டால் அளவான மருந்து என்பவையே அது காட்டும் வழி.

ஆகவே உடற்பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதுதான் வேண்டும். அதை எந்த நேரத்தில் செய்வது என்பதுதான் கேள்வி. விடிவதற்குள் எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டுக் கம்பெனி வண்டியைப் பிடிக்கிறவள், இரவு வந்து பாத்திரத்தையும் துணியையும் பார்க்கிறவள், எங்கே பாய் விரித்துக் கழுத்தைத் திருப்புவாள்? மெஷினுக்கு எண்ணெய் விடும் நேரம் கம்பெனிக் கணக்கு. மெஷினில் உட்கார்ந்தவள் முதுகை நிமிர்த்தும் நேரம் மட்டும் அவள் சொந்தக் கணக்கா?

சட்டமும் முதுகைக் கண்டுகொள்ளவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய்கள் என்று 29 நோய்களைப் பட்டியலிட்டது. பஞ்சுத்தூசியால் வரும் நுரையீரல் நோய் அதில் உண்டு, முதுகுவலி இல்லை. அதற்குப் பதிலாக வந்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலிலோ தசை, எலும்பு நோய்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

பட்டியலில் ஒரு பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் ஈ.எஸ்.ஐ. கணக்கைப் பார்க்கட்டும். வேலையால் வந்த பாதிப்பு என்றால், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. கூலியில் 90 சதவீதம், வேலை செய்ய முடியாத காலம் முழுக்கக் கிடைக்கும். சாதாரண நோய் என்றால் 70 சதவீதம், வருடத்துக்கு அதிகபட்சம் 91 நாள். அதற்கும் ஆறு மாதக் கணக்கில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். பவர் டேபிள் பவர் டேபிளாக மாறி வேலை பார்க்கிறவளுக்கு அந்த 78 நாள் எங்கே சேரும்? வீட்டுத் திண்ணையில் பிசிர் வெட்டுகிறவளுக்கு ஈ.எஸ்.ஐ. என்ற பேச்சே இல்லை. ஒரே நாளில் விழுந்து இடுப்பு உடைந்தால் அது விபத்து. பத்து வருடம் குனிந்து இடுப்பு போனால் அது பெண் உடம்பின் இயல்பு. இப்படித்தான் செலவு கம்பெனியிலிருந்து அவள் தலைக்கு மாற்றப்படுகிறது.

கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. துணி விற்கிறவளுக்குக் கிடைத்த நாற்காலி, துணி செய்கிறவளுக்கு ஏன் போதாது என்றால், அவளை ஓயவிடாதது டார்கெட். நின்று வேலை செய்வோருக்கு இருக்கை வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டம் 1948லேயே சொன்னது. ஆனால் வேலைக்கு நடுவே ஓய்வு வாய்த்தால்தான் உட்காரலாம். டார்கெட் வைத்து ஓட்டும் லைனில் ஓய்வு எப்படி வாய்க்கும்? நமக்கு நாற்காலியோடு நேரமும் வேண்டும்.

"இப்படியெல்லாம் கேட்டால் ஆர்டர் வங்கதேசத்துக்குப் போய்விடும்" என்பார்கள். குறித்த தேதியில் சரக்கு போக வேண்டும் என்று விதிக்கத் தெரிந்த வெளிநாட்டு பிராண்டுகளுக்கு, சாய்மானமுள்ள இருக்கைக்கும் இடைவேளைக்கும் சேர்த்து விலை கொடுக்கவும் தெரியட்டும். அதை அவர்களிடம் கேட்க வேண்டியது முதலாளிகளின் வேலை. அதற்காக ஒரு பெண்ணின் முதுகை அடகு வைக்கக் கூடாது.

அடுத்த கூலி ஒப்பந்தப் பேச்சில் பீஸ் ரேட்டோடும் பஞ்சப்படியோடும் சேர்த்துத் தொழிற்சங்கங்கள் இவற்றையும் மேசைமீது வைக்கட்டும்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கூலி பிடிக்காத பத்து நிமிடம், உயரத்தை மாற்றக்கூடிய இருக்கையும் மேசையும், ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களில் ஷிப்ட் முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் பிசியோதெரபி, தொழில்சார் நோய்ப் பட்டியலில் கழுத்துக்கும் முதுகுக்கும் இடம். பேச்சுக்கு உட்காருகிறவர்களில் செக்கிங் பெண்களும் கைமடிப் பெண்களும் இருக்கட்டும். இரவுப் பாத்திரத்தை யார் கழுவுவது என்ற பேச்சை வீட்டில் தொடங்க எந்த ஒப்பந்தமும் வரவேண்டியதில்லை. அதை இன்றே தொடங்கலாம்.