மன்றாட்டும் மருந்தும்

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில், ஏலாக்குறிச்சி என்னும் சிற்றூர் இருக்கிறது. வீரமாமுனிவர் அதனைத் திருக்காவலூர் என்று அழைத்தார். இத்தாலியில் 1680ஆம் ஆண்டு பிறந்து, 1710இல் இந்தியா வந்து, தமிழ் கற்றுத் 'தேம்பாவணி' என்னும் காப்பியத்தைப் படைத்த அத்துறவியின் நினைவோடு இணைந்தது அங்குள்ள அடைக்கல அன்னை திருத்தலம். பெரம்பலூர், அரியலூர், தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து சமய வேறுபாடின்றி மக்கள் இன்றும் அங்கே செல்கின்றனர். நம் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரிலும் பலர் அங்குச் சென்று வேண்டிக்கொண்டு வருபவர்களே.

அத்திருத்தலத்தோடு ஒரு நோயின் கதை பின்னிக் கிடக்கிறது. அரியலூரை ஆண்ட மழவராயர் மரபினருள் ஒருவருக்கு ராஜபிளவை கண்டது; மருத்துவர்கள் கைவிரித்தனர்; வீரமாமுனிவர் அன்னையை வேண்டி, அவ்விடத்து மண்ணையும் பச்சிலையையும் இட்டு அதனை ஆற்றினார்; நன்றியுணர்வால் அம்மன்னர் ஆலயத்திற்கு நிலம் வழங்கினார். இப்படி வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். இதனை நீங்களும் கேட்டிருக்கக்கூடும். நீரிழிவு நோயாளர்களை நாள்தோறும் பார்க்கும் மருத்துவன் என்ற முறையில், இக்கதையில் என் மனம் முதலில் நிற்பது அந்த ராஜபிளவையில்தான்.

பிளவை என்பது ஒற்றைக் கட்டியன்று. அடுத்தடுத்துள்ள பல மயிர்க்கால்கள் ஒருசேரச் சீழ்பிடித்து, தோலுக்கு அடியில் ஒன்றோடொன்று கலந்து, பல வாய்களோடு உடையும் புண் அது. பிடரியிலும் முதுகிலும் தோல் தடித்திருக்கும் இடங்களில் பெரும்பாலும் வரும். நம் தோலின் மேல் அமைதியாக வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்னும் நுண்கிருமியே காரணம். இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களின் ஆற்றல் குன்றுவதால், நீரிழிவு உள்ளவர்களுக்கு இது எளிதில் வந்து, மெல்ல ஆறும். ஆகவே பிளவையோடு வரும் ஒருவருக்கு நாங்கள் முதலில் பார்ப்பது சர்க்கரையின் அளவைத்தான். தமக்கு நீரிழிவு இருப்பதையே அன்றுதான் அறிந்துகொள்வோர் பலர். மழவராயருக்கு நீரிழிவு இருந்ததா என்று இன்று சொல்ல வழியில்லை. ஐயம் மட்டும் எனக்கு உண்டு.

கதையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. முனிவர் வேண்டினார், வேண்டியதோடு பச்சிலையும் இட்டார். பச்சிலை இடுவது தம் மன்றாட்டுக்கு இழுக்கு என்று அவர் எண்ணியதாக யாரும் சொல்லவில்லை. அவர் பெயரால் சித்த மருத்துவ நூல்களும் தமிழில் வழங்கிவருகின்றன. ஆனால் இக்கதையை இப்போது சொல்பவர்களில் பலர் மன்றாட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பச்சிலையை மறந்துவிடுகின்றனர். அதுவே என் வருத்தம்.

திருவிவரியத்திலும் ஏறத்தாழ இதே கதை உண்டு. எசேக்கியா மன்னர் கொடிய புண்ணால் சாகும் நிலையில் கிடந்தார். அழுது மன்றாடினார். மன்றாட்டு கேட்கப்பட்டது என்றும், இன்னும் 15 ஆண்டுகள் வாழ்வார் என்றும் இறைவாக்கினர் எசாயா வந்து அறிவித்தார். அறிவித்த கையோடு, அத்திப்பழத்தை அடையாகத் தட்டிப் புண்ணின்மேல் கட்டச் சொன்னார். கடவுளே வாக்களித்த பின்பு அத்திப்பழம் எதற்கு என்று அங்கே எவரும் கேட்கவில்லை. கத்தோலிக்கர்களின் திருவிவிலியத்தில் உள்ள சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரத்தில் மருத்துவரையும் மருந்தையும் மதிக்குமாறு சொல்லியிருக்கிறது. மருத்துவன் நானே இதனை எடுத்துக்காட்டுவது சற்றுத் தற்புகழ்ச்சிபோல் தோன்றலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செபக்கூட்டத்திற்குச் சென்று வந்தபின், "ஆண்டவர் சுகம் தந்துவிட்டார், இனி மாத்திரை வேண்டாம்" என்று நிறுத்திவிடுவோரை எங்கள் துறையில் தொடர்ந்து பார்க்கிறோம். மருந்தை விடாமல் எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பல ஆண்டுகளாக நீரிழிவு உள்ள பெரியவர் ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்கள் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அந்த அமைதியே சாட்சியாகச் சொல்லப்படுகிறது. ஆனால் சிறு வயதில் வரும் முதல் வகை நீரிழிவு அப்படிப்பட்டதன்று. அந்தக் குழந்தையின் உடலில் இன்சுலின் சுரப்பதே இல்லை. ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாள்களிலேயே இரத்தம் அமிலத்தன்மை அடையும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, மயக்கம் என்று தொடர்ந்து உயிரே போய்விடும். பெற்றோரே, எந்தக் காரணத்திற்காகவும், யார் சொன்னாலும், அந்த ஊசியை நிறுத்தாதீர்கள்.

இன்சுலின் வந்து இன்னும் நெடுங்காலம் ஆகிவிடவில்லை. 1921ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் கண்டறியப்பட்டு, 1922 சனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதற்கு முன் அக்குழந்தைகளுக்கு மருத்துவ உலகம் அளிக்க முடிந்தது பட்டினி மட்டுமே. உணவைக் குறைத்துச் சாவைச் சில மாதங்கள் தள்ளிப்போட்டனர். கண்டறிந்தவர்கள் அதன் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்திற்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டனர். வானத்துப் பறவைகளுக்கு உணவளிப்பவர் மனிதருக்கும் அளிப்பார் என்று நம்புகிறவர்கள், அவர் எதன் வழியாக அளிக்கிறார் என்பதையும் நோக்க வேண்டும். இன்று அம்மருந்து நம் அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கிறது. 2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வெயிலில் நடந்து வந்து மாத்திரை தரும் அந்தப் பெண் பணியாளரைக் கண்டு நன்றி சொல்லிவிட்டு, மாத்திரையை அலமாரியில் வைத்துவிடுவதை இறைநம்பிக்கை என்று என்னால் ஏற்க இயலவில்லை.

இயேசு சோதிக்கப்பட்டபோது, கோவிலின் உச்சியிலிருந்து குதிக்குமாறும், தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்றும் அலகை கூறிற்று. அவர் குதிக்கவில்லை. கடவுளைச் சோதிப்பதும் கடவுளை நம்புவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

நம் மாவட்டத்து விவசாயிகளுக்கு இதனை விளக்க வேண்டியதே இல்லை. பெரம்பலூரின் கரிசலில் மானாவாரியாக மக்காச்சோளமும் பருத்தியும் போடுபவர் வானத்தை நம்பியே வாழ்கிறார். மழை தம் கையில் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் உழாமல், விதைக்காமல், களை எடுக்காமல் மழைக்காக மட்டும் வேண்டிக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருக்கும் விவசாயியை நான் கண்டதில்லை. நிலத்தில் அவர் காட்டும் இந்தத் தெளிவு, மருத்துவமனைச் சீட்டைக் கையில் வாங்கியதும் எங்கே போய்விடுகிறது என்று பலமுறை வியந்திருக்கிறேன்.

நீரிழிவு போன்ற நெடுநாள் நோய்களில் இன்னொரு துயரம் உண்டு. இன்னும் 20, 30 ஆண்டுகள் இப்படியே ஊசி போட்டுக்கொண்டு வாழ வேண்டுமா என்ற மலைப்பு. அதற்கு மருத்துவ நூல்களில் விடை இல்லை. பாலைநிலத்தில் இசுரயேல் மக்களுக்கு மன்னா அன்றன்றைக்கு மட்டுமே தரப்பட்டது; மறுநாளைக்கென எடுத்து வைத்தது புழுத்துப் போயிற்று. ஓய்வுநாளுக்கு முந்திய நாளில் மட்டும் இரு மடங்கு. இயேசு கற்பித்த மன்றாட்டிலும் கேட்கப்படுவது அன்றாட உணவு. இன்று காலை போட வேண்டிய ஊசி ஒன்று. இன்று நடக்க வேண்டிய நடை அரை மணி நேரம். இருபது ஆண்டுகளின் ஊசிகளையும் இன்றைக்கே தோளில் சுமக்க வேண்டியதில்லை. கிறித்தவ நோயாளர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் தெளிவதைக் கண்டிருக்கிறேன். பிறரும் இதனைத் தத்தம் முறையில் புரிந்துகொள்கின்றனர்.

இனி, நலம் விசாரிக்க வரும் உற்றார் உறவினருக்கு ஒரு வேண்டுகோள். "நீ இன்னும் உறுதியாக விசுவாசித்தால் குணமாகியிருக்கும்", "ஏதோ பாவம், அதனால்தான்" என்னும் சொற்களைக் கட்டில் அருகே சொல்லாதீர்கள். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு, இவர் செய்த பாவமா, இவருடைய பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றே இயேசு விடை கூறினார். தம் உடலில் தைத்த முள்போன்ற துன்பம் நீங்கப் புனித பவுல் மூன்று முறை மன்றாடினார்; அது நீங்கவில்லை. பவுலுக்கே விசுவாசம் குறைவு என்று சொல்ல எவருக்கேனும் துணிவு உண்டா? குணமாகாத நோய்கள் உண்டு. சிறுநீரகம் செயலிழந்து வாரம் மும்முறை டயாலிசிஸுக்கு வரும் ஒருவர், கால் ஒன்றை இழந்த ஒருவர், மூளை வாதத்தால் பேச்சிழந்த ஒருவர், இவர்களுக்கு நோயின் சுமையே போதும். அதன்மேல் குற்றவுணர்வையும் ஏற்றி வைப்பது கொடுமை. நோயாளி வாய்திறந்து சொல்வதில்லை. ஆனால் உறவினர் சென்றபின் இரவு உணவைத் தொடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

உடனிருந்து பார்த்துக்கொள்வோரைப் பற்றியும் ஒரு சொல். எலியா இறைவாக்கினர் களைத்துப் போய், சாவே மேல் என்று செடி நிழலில் விழுந்து கிடந்தபோது, வானதூதர் வந்து அவருக்கு அறிவுரை கூறவில்லை. சூடான அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் தந்தார், உண்டு உறங்கவிட்டார், மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார். வார்டு வாசலில் பாய் விரித்துப் பத்து நாள்களாகப் படுத்திருக்கும் மனைவிக்கும் மகளுக்கும் நான் எழுதித்தர விரும்பும் மருந்து அதுவே. பக்கத்துக் கட்டிலுக்கு வந்த தூக்குவாளியிலிருந்து அறிமுகமில்லாத ஒருவருக்கு இட்லி பகிரப்படுவதையும், "நீங்கள் போய்ச் சற்றுக் கண்ணயருங்கள், பாட்டிலை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வேற்றூரார் சொல்வதையும் இங்கே நாள்தோறும் காணலாம். கடவுள் நம்மோடு இருக்கிறார் என்பதற்கு வேறு அடையாளம் தேடுவோர் தேடட்டும். எனக்கு இது போதுமானதாக இருக்கிறது. தேம்பாவணியின் தலைவரான வளனாரும் கனவில் எச்சரிக்கை பெற்ற அன்றிரவே எழுந்து, குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்கு நடந்தவர்தாம்.

நடை என்றதும், ஆகஸ்டு மாதம் நினைவுக்கு வருகிறது. வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்டு 29இல் கொடியேற்றத்துடன் தொடங்கி செப்டம்பர் 8இல் நிறைவுறும். நம் பகுதியிலிருந்தும் பலர் நேர்ந்துகொண்டு நடந்து செல்கின்றனர், சிலர் வெறுங்காலோடு. நீரிழிவால் பாத நரம்புகள் மரத்துப்போனவருக்கு ஆணி குத்துவதும் தெரியாது, தார்ச்சாலையின் சூடும் தெரியாது. கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்து, பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் கால்கள் அழுகுவது நோயினால் நேரடியாக அன்று, வலி உணராமையால் ஏற்படும் காயங்களினாலே என்று காட்டினார். வலி என்பது கடவுளின் கொடை என்றே அவர் எண்ணினார். அவர் கண்ட உண்மை நீரிழிவுக் கால்களுக்கும் அப்படியே பொருந்தும்; மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பை நாங்கள் வற்புறுத்துவதும் அதனால்தான்.

ஆகவே நடைபயணம் செல்ல விரும்புவோர் புறப்படுவதற்கு இரு வாரங்களுக்கு முன்பே வந்து பாதங்களைக் காட்டிச் செல்லுங்கள். உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. பேருந்தில் செல்வதே அவர்களுக்கு ஏற்றது. நேர்ச்சையை மாற்றிக்கொள்ளத் தயங்குவோர் தம் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். செல்பவர்கள் செருப்பு அணிந்து, ஒவ்வொரு மாலையும் உள்ளங்காலை உடன் வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் கண்டால் அங்கேயே நடையை நிறுத்திவிடுங்கள். வழியில் வியர்வை, நடுக்கம், கடும்பசி, தடுமாற்றம் தோன்றினால் சர்க்கரை இறங்குகிறது என்று பொருள். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் அமர்ந்து, பிறகு உணவு உண்ணுங்கள். தவக்காலத்தில் நோன்பு இருக்க விரும்புவோருக்கும் இதுவே. நோயுற்றவர்களைத் திருச்சபை நோன்புக் கடமையிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது. ரமலான் நோன்பிலும் நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. இருந்தே தீருவேன் என்பவர்கள் மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளாமல் தொடங்க வேண்டாம். இன்சுலின் எடுத்துச் செல்வோர் அதனை ஈரத்துணி சுற்றிய சிறு மண்பானையில் வைத்துக்கொள்ளலாம். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்காதீர்கள்.