ஏவி ரிசீவரும் ஒரு பி.காம் கணக்கும்

எங்கள் வீட்டில் தாத்தா டிவி பார்ப்பதை நிறுத்தி ஆறு மாதம் ஆகியிருந்தது. நான் உட்பட யாரும் அதைக் கவனிக்கவில்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். ஒரு நாள் "ஏன் தாத்தா, படம் பார்க்க வரலையா?" என்று கேட்டேன். "சத்தம் கேக்குதுடா. என்ன பேசுறான்னுதான் புரியல. ஒவ்வொரு தடவையும் உங்களைக் கேட்டுத் தொல்லை பண்ண வேணாமேன்னு பாத்தேன்" என்றார்.

சுருக்கென்று இருந்தது.

காது டாக்டரிடம் காட்டினோம். வயதுக்கு உரிய குறைபாடுதான், காது மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்றார். தாத்தா மாட்டேன் என்றுவிட்டார். பிறகு நானே கொஞ்சம் படித்துப் பார்த்தேன். வயதாகும்போது பெரும்பாலும் முதலில் குறைவது உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். ச, த போன்ற எழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. அதனால் பேச்சு காதில் விழும், வார்த்தை பிரியாது. வால்யூமை ஏற்றினால் சண்டைக் காட்சியும் பின்னணி இசையும் சேர்ந்து ஏறும், வசனம் இருந்த இடத்திலேயே இருக்கும். போதாக்குறைக்கு, இன்றைய டிவிகள் அப்பளம் மாதிரி மெலிந்துவிட்டதால் அவற்றின் சின்ன ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் தரையைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோ பேசுகின்றன.

அப்படித்தான் நான் ஏவி ரிசீவர் என்ற பெட்டியின் பக்கம் போனேன். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: டிவி, செட் டாப் பாக்ஸ், பிளேயர் எல்லாவற்றின் ஒலியையும் வாங்கி, சேனல் சேனலாகப் பிரித்து, பெருக்கி, ஐந்தாறு ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டிதான் அது. டியூஷன் எடுத்துச் சேர்த்த 40,000 ரூபாய் கையில் இருந்தது. மூன்று மாதம் கடை கடையாக அலைந்தேன். நான் எலக்ட்ரானிக்ஸ் மாணவன் இல்லை, பி.காம். அதனால் என் முடிவும் ஒரு பி.காம் முடிவுதான்: நம்மைப் போன்றவர்கள் ரிசீவருக்கு எவ்வளவு குறைவாகச் செலவு செய்ய முடியுமோ அவ்வளவு குறைவாகச் செய்ய வேண்டும். மிச்சப் பணம் ஸ்பீக்கருக்கு, அதிலும் நடு ஸ்பீக்கருக்குப் போக வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் வாட்ஸ் விவகாரம். தி.நகரில் ஒரு பெரிய கடையில் சேல்ஸ்மேன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தையே வாட்ஸ்தான். "தம்பி, இது 145 வாட்ஸ் ஒரு சேனலுக்கு!" ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனால் இன்னும் அமர்க்களம். அங்கே கிடைக்கும் அசெம்பிள்டு ஆம்ப்களில் ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ. வாட்ஸ் எழுதியிருக்கும். அந்த எண்ணுக்குப் பொது அளவுகோல் எதுவும் கிடையாது. பிரிண்ட் பண்ணுகிறவர் மனசுதான் அளவு.

சரி, பெரிய கம்பெனிகளின் எண்ணாவது உண்மையா? உண்மைதான், ஆனால் அடிக்குறிப்போடு சேர்த்துப் படிக்க வேண்டிய உண்மை. 2018-ல் வந்த சோனி எஸ்.டி.ஆர். டி.எச்.590-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 145 வாட்ஸ் என்பது 6 ஓம்ஸில், ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒற்றை ஸ்வரத்தில் அளந்தது. இரண்டு சேனலை ஓட்டி, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை முழு வீச்சில் அளந்தால் அதே பெட்டி 90 வாட்ஸ். அதே வருடத்து யமஹா ஆர்.எக்ஸ். வி385-க்கும் இதே கதை. முழு வீச்சில் 70 வாட்ஸ், ஒற்றைச் சேனலில் 10 சதவீத ஒலிச்சிதைவை அனுமதித்தால் 135 வாட்ஸ். யாரும் பொய் சொல்லவில்லை. லாப நட்டக் கணக்கில் நமக்குப் பிடித்த காலத்தை மட்டும் கூட்டிக் காட்டுகிற மாதிரி இது.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. பெட்டியின் பின்பக்க லேபிளில் அது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் எழுதியிருக்கும். விலை குறைந்த ரிசீவர்களில் அது பெரும்பாலும் இருநூறு முந்நூறு வாட்ஸ்தான். முன்பக்கம் 145 வாட்ஸ் வீதம் ஐந்து சேனல், அதாவது 725 வாட்ஸ்! கண நேர உச்சத்துக்கு வேண்டுமானால் பெட்டி கொஞ்சம் தம் கட்டும். ஆனால் வரவு 250, செலவு 725 என்று தொடர்ந்து நடக்கும் கணக்கில் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார் :-)

அதைவிட முக்கியமானது, 90-க்கும் 145-க்கும் காதில் விழும் வித்தியாசம். டெசிபல் கணக்கில் அது 2 மட்டுமே. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல். நம் காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற சுமார் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். சாதாரண புக் ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒன்று 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் 85, 87 டெசிபல் தரும். எதிரில் உட்கார்ந்து பேசும் மனிதக் குரல் ஏறக்குறைய 60. எங்கள் வீட்டு ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. அந்த ஹாலில் வசனம் கேட்க ஒரு வாட்ஸ் கூடச் செலவாகாது. மீதி 144 வாட்ஸ் எதற்கு? கீழ் வீட்டு மாமி மேலே ஏறி வருவதற்குத்தான்.

இப்போது என் சொந்தப் பாடத்துக்கு வருகிறேன். தேய்மானம். வருமான வரி விதிகளில் கம்ப்யூட்டருக்கு வருடத் தேய்மானம் 40 சதவீதம், மரச்சாமான்களுக்கு 10 சதவீதம் என்று படித்திருக்கிறோம். வகுப்பில் தூங்கி வழிந்த அந்தப் பாடம் கடையில் வைத்து எனக்குச் சட்டென்று உறைத்தது. ரிசீவர் என்பது கம்ப்யூட்டர்! புது எச்.டி.எம்.ஐ. வந்தால் பழசாகிவிடும், புது டால்பி வந்தால் பழசாகிவிடும். ஸ்பீக்கர் என்பது மரச்சாமான். மரப்பெட்டி, காந்தம், கூம்பு, அவ்வளவுதான். ஒழுங்காக வைத்திருந்தால் இருபது வருடம் பாடும்.

குறைந்துசெல் மதிப்பு முறையில் போட்டுப் பாருங்கள். 20,000 ரூபாய்க்கு வாங்கிய கம்ப்யூட்டர் ஐந்து வருடம் கழித்துப் புத்தகத்தில் 1,555 ரூபாய். அதே 20,000 ரூபாய் மரச்சாமான் 11,810 ரூபாய். வரி விதியின் சதவீதம் சந்தை விலையை அப்படியே சொல்லாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எது வேகமாகக் கரையும், எது நிற்கும் என்ற திசையைச் சரியாகவே காட்டுகிறது. கரைகிற பொருளைப் பிறர் கரைத்த பிறகு வாங்குவதுதான் நமக்கு லாபம். அதாவது செகண்ட் ஹேண்ட்.

"பழைய ரிசீவரில் 4கே வராதே?" என்று கேட்பீர்கள். வர வேண்டாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பிளேயர், ஸ்டிக் எல்லாவற்றையும் நேராக டிவியில் செருகுங்கள். படம் டிவியோடு நிற்கட்டும். ஒலியை மட்டும் டிவியிலிருந்து ரிசீவருக்குக் கொண்டு வந்தால் போதும். 2009-ல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4-லிருந்து ஏ.ஆர்.சி. என்ற வசதி இருக்கிறது, அதே கேபிளில் ஒலி திரும்பி வரும். அதுவும் இல்லாத பெட்டி என்றால் ஆப்டிகல் கேபிள். 1992-ல் தியேட்டருக்கு வந்த டால்பி டிஜிட்டலை இன்றைக்கும் பெரும்பாலான டிவிகள் ஆப்டிகல் வழியே 5.1 ஆக அனுப்புகின்றன. டிவியின் ஒலி அமைப்பில் 'பி.சி.எம்.' என்று இருந்தால் இரண்டு சேனல்தான் வரும். அதை 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'ஆட்டோ' என்று மாற்ற வேண்டும். இந்த ஒரு செட்டிங் தெரியாமல் எத்தனை வீட்டில் ஐந்து ஸ்பீக்கரும் சும்மா நிற்கிறதோ!

அடுத்து நடு ஸ்பீக்கர், நான் இத்தனை அலைந்ததே இதற்காகத்தான். 5.1 ஒலிக்கலவையில் வசனத்தின் பெரும்பகுதி நடுச் சேனலில்தான் இருக்கிறது. ரிசீவரில் அந்தச் சேனலை மட்டும் தனியாக 3, 4 டெசிபல் ஏற்றலாம். சண்டை ஏறாது, பாட்டு ஏறாது, பேச்சு மட்டும் ஏறும். டிவி சீரியலும் பழைய படமும் 5.1 இல்லையே என்றால், பத்துப் பதினைந்து வருடப் பழைய ரிசீவர்களில் டால்பி புரோ லாஜிக் 2 என்ற முறை இருக்கும். இடதிலும் வலதிலும் ஒன்றாக வரும் ஒலியை அது நடுவுக்குத் தள்ளும். அப்படி ஒன்றாக வருவது பெரும்பாலும் பேச்சுத்தான்.

எனவே ஐந்தையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று. மூன்றும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையாக இருந்தால் குரல் நகரும்போது நிறம் மாறாது. பின் ஸ்பீக்கரும் சப்வூஃபரும் 'இல்லை' என்று ரிசீவரிடம் சொல்லிவிட்டால் பின்னால் போக வேண்டிய ஒலியையும் முன்னாலேயே பிரித்துக் கொடுத்துவிடும். மற்றதை வேலை கிடைத்த பிறகு பார்க்கலாம்.

சவுண்ட்பார் போதாதா என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. நடுச் சேனல் உள்ள சவுண்ட்பாரும் இருக்கிறது. ஒயர் இழுக்க இடமே இல்லாத வீட்டுக்கு அதுதான் சரி. ஆனால் சவுண்ட்பார் என்பது கம்ப்யூட்டரையும் மரச்சாமானையும் ஒட்டி ஒரே பெட்டியாக விற்பது. கம்ப்யூட்டர் பழசானால் மரச்சாமானும் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணாவிடம் சொல்லி வாங்கி வரலாமே என்று அம்மா கேட்டார். மயிலாப்பூரிலும் அடையாறிலும் வீட்டுக்கு ஒரு அமெரிக்க அண்ணா உண்டு. ஆனால் அந்த ஊர்ப் பெட்டி பெரும்பாலும் 120 வோல்ட் மட்டும். நம் 230-ல் செருகினால் அன்றைக்கே கதை முடிந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வாங்க வேண்டும், வாரண்டி இங்கே செல்லாது, ஏழெட்டு கிலோ லக்கேஜ் வேறு. அட்மாஸ் வேண்டாமா என்றான் நண்பன். 2012-ல் சிவாஜி 3டி வந்தபோது ராயப்பேட்டை சத்யம் வளாகத்தில் அட்மாஸ் கேட்ட ஊர் இது, ஆசை வருவது இயல்புதான். ஆனால் ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிக்கவே ஹவுஸ் ஓனரிடம் அனுமதி கேட்கிற வாடகை வீட்டில் கூரை ஸ்பீக்கருக்கு எங்கே போவது?

கடைசியில் அடையாறில் வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்த ஒருவரிடம் பழைய ரிசீவர் ஒன்று 9,000 ரூபாய்க்குக் கிடைத்தது. வாங்கும் முன் ஒரே ஸ்பீக்கரை ஐந்து சேனலிலும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன். இது கட்டாயம். ரிமோட்டும், செட்டப் மைக்கும் இருக்கிறதா என்று பார்த்தேன். முக்கியமாகப் பின்பக்க டெர்மினல்களில் பச்சைப் பூப்பு இருக்கிறதா என்று பார்த்தேன், கடற்காற்று ஊரில் இதைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. அந்தக் கம்பெனிக்கு இங்கே சர்வீஸ் உண்டா என்றும் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டேன். 2022-ல் ஜப்பானின் ஆன்கியோ போன்ற பெரிய பெயரே திவாலானது, ஞாபகம் இருக்கட்டும். மூன்று ஸ்பீக்கருக்கு 24,000, ஒயர், ஸ்டாண்ட், கேபிளுக்கு 3,000. மிச்சம் 4,000. பெட்டியை ஷோகேஸுக்குள் அடைக்காமல் காற்றோட்டமாக வைத்திருக்கிறேன். மே மாதத்துச் சென்னையில் மனுஷனுக்கே மூச்சு முட்டுகிறது, ரிசீவருக்கு முட்டாதா?

முதல் நாள் 'தில்லானா மோகனாம்பாள்' போட்டேன். 1968-ல் வந்த படம். ஒலி பழசுதான், நாதஸ்வரம் கொஞ்சம் மெலிந்துதான் கேட்டது, அதை எந்த ரிசீவரும் சரி செய்யாது. ஆனால் பேச்சு நடுவிலிருந்து நேராக வந்தது. தாத்தா பேப்பரோடு பால்கனிக்குக் கிளம்பியவர் வாசற்படியில் நின்றார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார். கால் மணி நேரம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அப்புறம் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார். "டேய், சத்தத்தைக் கொஞ்சம் குறை. காது அடைக்குது."