நத்தைக்கு நஞ்சு வேலி வேண்டாம்: எமது நிலைப்பாடு

மாரியின் முதல் மழை விழுந்த இரவே ஆபிரிக்க இராட்சத நத்தைகள் வேலியடியை விட்டுத் தோட்டத்துக்குள் இறங்கிவிடுகின்றன. விடியப் பார்த்தால் பப்பாசிக் கன்றில் குருத்து இராது. கோவா நாற்றில் தண்டு மட்டும் நிற்கும். 1900ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்து சேர்ந்த இந்த நத்தைக்கு ஓடு வளரச் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணக்கல்லின் மேல் கிடக்கும் எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதற்குப் பஞ்சமில்லை.

நொந்துபோன கமக்காரர் சிலர் காணியைச் சுற்றி உப்பும் மயில்துத்தமும் மெற்றல்டிகைட் என்ற நத்தைக்கொல்லிக் குறுணலும் தூவுகிறார்கள். அவர்களின் தவிப்பு எங்களுடையதும்தான். ஆனாலும் எல்லை முழுவதும் இரசாயன வேலி போடுவதை எமது கமக்காரர் அமைப்பு ஏற்கவில்லை.

முதற்காரணம் கிணறு. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத யாழ்ப்பாணத்தில் குடிப்பதும் இறைப்பதும் ஒரே நிலத்தடி நீர். செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பும் பொந்துமாகக் கிடக்கும் சுண்ணக்கல், மேலிருந்து இறங்கும் எதையும் வடித்து நிறுத்தாது. உரத்தின் நைத்திரேற்று ஏற்கெனவே கிணறுகளில் இறங்கிவிட்டது. பல கிணறுகள் உவராகிவிட்டன. இந்த மண்ணில் நாங்களே உப்பைக் கொட்டுவதா? மயில்துத்தத்தின் செம்பு மண்ணிலேயே தங்கி மண்புழுவை அழிக்கும். குறுணலைத் தின்னும் நாய் செத்துப்போகும். பிரித்தானியா 2022இல் மெற்றல்டிகைட்டை வெளியிடங்களில் பாவிப்பதையே தடைசெய்தது.

இத்தனைக்கும் இந்த வேலி நிலைப்பதுமில்லை. நஞ்சுக்குப் பதிலாகத் தூவும் சுண்ணாம்பும் சாம்பலும்கூடக் காய்ந்திருந்தால் நத்தையை மறிக்கும், நனைந்தால் மறிக்காது. நத்தை வருவதோ மழையில். ஒரே ஈட்டில் நூற்றுக்கு மேலும் முட்டையிடும் அது காணிக்குள்ளேயே மண்ணில் இட்டுவிட்டால், வெளிவேலியால் என்ன பயன்?

நாற்றுமேடையைச் சுற்றி மழையற்ற நாட்களில் சாம்பல் இடுவதை ஏற்கிறோம். குறுணல் தவிர்க்க முடியாதபோது, விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையுடன், நாயும் கோழியும் எட்டாத மூடிய பொறியில், கிணற்றடிக்குத் தூரமாக வைக்கலாம்.

பலன் தருவது ஊர் கூடிப் பொறுக்குவதே. மாலையில் ஈரச் சாக்கை விரித்து, அதன்கீழ் கோவா இலையோ பப்பாசிப் பழத் தோலோ வையுங்கள். விடியற்காலையில் தூக்கினால் நத்தைகள் திரண்டு கிடக்கும். கொதிநீரில் கொன்று ஆழப் புதையுங்கள். வெறுங்கையால் தொடவே கூடாது. மூளையுறை அழற்சியை உண்டாக்கும் புழு அதில் இருக்கக்கூடும்.

உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, பற்றை மண்டிக் கிடக்கும் காணிகளே நத்தையின் பெரிய புகலிடம். பிரதேச சபைகள் மாரிக்கு முன்னரே அவற்றைத் துப்புரவாக்க வேண்டும். புலம்பெயர்ந்த உறவுகளே, உங்கள் வளவைத் துப்புரவாக்க இந்த ஆண்டே ஒருவரிடம் பொறுப்புக் கொடுங்கள்.