புதுக் கம்ப்யூட்டருக்கு ஒரு பழைய விளையாட்டு

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த முதல் மாதமே ஒரு தகராறு வந்துவிடும். பிள்ளைகள் கேம்ஸ் வேண்டும் என்பார்கள். "படிக்கத்தானே வாங்கிக் கொடுத்தோம்?" என்பார்கள் பெற்றோர். இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ளக்கூடிய விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதை விளையாட வேண்டுமானால் படித்துத்தான் ஆக வேண்டும். விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. யாரோ கொடுத்த பழைய லேப்டாப் கூடப் போதும். இதற்கு கேம்புக் என்று பெயர். வழியை நாமே தேர்ந்தெடுக்கும் கதை என்று சொல்லலாம்.

கேம்புக் என்றால் என்ன?

1982-ல் ஸ்டீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்டன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்' என்ற புத்தகத்தை எழுதினார்கள். ஒரு மலைக் குகை, உள்ளே ஒரு மந்திரவாதி, அவனுடைய புதையல். இதுதான் கதை. புத்தகத்தில் 400 பத்திகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். வரிசையாகப் படித்தால் ஒன்றும் புரியாது. கதவைத் திறந்தால் இந்த எண்ணுக்குப் போ, திரும்பி நடந்தால் அந்த எண்ணுக்குப் போ என்று ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் இருக்கும். கதாநாயகன் நீங்கள்தான்.

தாயக்கட்டையும் பென்சிலும் வேண்டும். ஒரு கட்டை உருட்டி 6 கூட்டினால் உங்கள் திறமை. இரண்டு கட்டை உருட்டி 12 கூட்டினால் உங்கள் உடல்வலு. சண்டை வந்தால் இரண்டு தரப்புக்கும் கட்டை உருட்டித் திறமையோடு கூட்ட வேண்டும். தோற்றவருக்கு வலுவில் 2 குறையும். இத்துடன் அதிர்ஷ்டம் என்று ஓர் எண்ணும் உண்டு. அதைச் சோதிக்கும் ஒவ்வொரு முறையும் அதில் 1 குறையும்.

சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் எனக்கு இதைப் பார்த்தால் புத்தகமாகவே தெரியவில்லை. திறமையும் வலுவும் வேரியபிள்கள். 'சாவி இருந்தால் இங்கே போ, இல்லாவிட்டால் அங்கே போ' என்பது நிபந்தனைக் கட்டளை. தாயக்கட்டை ரேண்டம் எண். மொத்தத்தில் இது காகிதத்தில் அச்சடித்த புரோகிராம். அதை இயக்கும் பிராசஸர் நீங்கள். கதை முடியும் இடத்தில் ஒரு பெட்டி வரும். வழியில் கிடைத்த சாவிகளில் மூன்றைத் தேர்ந்து, அவற்றின் எண்களைக் கூட்டினால் வருவதே நீங்கள் போக வேண்டிய பத்தி. சாவி இல்லாமல் ஏமாற்ற முடியாது. காகிதத்திலேயே பாஸ்வேர்டு வைத்திருக்கிறார்கள்!

இதே லிவிங்ஸ்டன் 2011-ல் அலெக்ஸ் ஹோப் என்பவருடன் சேர்ந்து, பள்ளிகளில் புரோகிராமிங் கற்றுத்தர வேண்டும் என்று பிரிட்டனில் அறிக்கை கொடுத்தார். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது?

புத்தகத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருவதில் நல்ல வழியும் உண்டு, கெட்ட வழியும் உண்டு. 1984-ல் மேலே சொன்ன புத்தகத்தின் பெயரில் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்கு ஒரு கேம் வந்தது. அறை அறையாக ஓடிச் சண்டை போட வேண்டும். பெயர் மிஞ்சியது, கதை போய்விட்டது. 2016-ல் ஆஸ்திரேலியாவின் டின் மேன் கேம்ஸ் அதே புத்தகத்தைப் பலகையில் நகரும் பொம்மைகளோடு கொண்டுவந்தது. இதில் எழுத்து தப்பித்தது.

எனக்குப் பிடித்தது இன்கிள் நிறுவனம் 2013-ல் வெளியிடத் தொடங்கிய 'சார்சரி!'. ஸ்டீவ் ஜாக்சன் எழுதிய நான்கு புத்தகங்கள்தான் மூலம். வரைபடத்தில் முன்பு நின்ற இடத்தைத் தொட்டால் அங்கேயே திரும்பிப் போய் வேறு முடிவு எடுக்கலாம். புத்தகம் படித்தவர்கள் பழைய பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தை எட்டிப் பார்ப்பார்களே, அந்தத் திருட்டுத்தனத்தை இவர்கள் விதியாகவே ஆக்கிவிட்டார்கள்.

காகிதத்தால் முடியாத ஒன்றையும் கம்ப்யூட்டர் செய்யும். 'உன்னிடம் வெள்ளிச் சாவி இருக்கிறதா?' என்று புத்தகம் கேட்டாக வேண்டும். கேட்டவுடனே அப்படி ஒரு சாவி எங்கோ இருப்பது தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் கேட்காது. நீங்கள் பத்து நிமிடம் முன்பு செய்ததை மனதில் வைத்துக்கொண்டு, இருந்தால் கதவைக் காட்டும், இல்லாவிட்டால் வெறும் சுவரைக் காட்டும். கேம்புக்குக்குக் கம்ப்யூட்டர் தேவை என்று சொல்ல இந்த ஒரு காரணம் போதும் என்பேன்.

புதியவர்கள் பணம் செலவழிக்காமல் தொடங்க ஒரு வழி இருக்கிறது. 'லோன் வுல்ஃப்' வரிசையை எழுதிய ஜோ டெவர், தன் புத்தகங்களை இன்டர்நெட்டில் இலவசமாகத் தர 1999-ல் அனுமதித்தார். 'பிராஜெக்ட் ஏயான்' என்று தேடினால் கிடைக்கும். பிரவுசரிலேயே படிக்கலாம். 1984-ல் வந்த முதல் புத்தகத்தில் 350 பத்திகள். தாயக்கட்டைக்குப் பதில் எண் அட்டவணை. எந்த எண்ணுக்குப் போக வேண்டுமோ அதை கிளிக் செய்தால் போதும்.

என் குறை

இவை எல்லாமே ஆங்கிலத்தில் இருக்கின்றன.

எனக்குச் சொந்த ஊர் ஆலங்காயம். அக்கா ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார். அக்கா மகள் தமிழ் மீடியத்தில் ஏழாம் வகுப்பு. விடுமுறையில் போனபோது லோன் வுல்ஃப் முதல் புத்தகத்தைத் திறந்து, நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் வழியைத் தேர்ந்தெடுத்தாள். எதிரி துரத்தும்போது காட்டுக்குள் ஒளிவதா, சாலையில் ஓடுவதா என்று அவள் யோசித்த யோசனையைப் பார்க்க வேண்டும்! இரண்டு நாள் கழித்து நான் கிளம்பியதும் விளையாட்டு நின்றுவிட்டது. "மாமா, நீ இல்லாம எனக்கு அது புரியல" என்று போனில் சொன்னாள். சண்டை கேமில் ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பட்டனைத் தட்டி ஜெயித்துவிடலாம். வாசிப்பே விளையாட்டாக இருக்கும் இடத்தில்தான் நம் பிள்ளை வாசலிலேயே நிற்கிறாள்.

தமிழுக்கு இது ஒத்துவராதா? நன்றாகவே ஒத்துவரும். விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் கேள்வி கேட்கிறது. தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறும். புரோகிராமர்கள் லூப் என்று சொல்வது இதைத்தான். தமிழ்க் குடும்பத்தின் வாழ்க்கையை விளையாட்டாக்க முடியும் என்பதற்கும் சாட்சி உண்டு. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய 'வெண்பா' என்ற கேம் டொராண்டோவிலிருந்து 2023-ல் வந்தது. அடுத்த ஆண்டு முதல் படைப்புக்கான பாஃப்டா விருதையும் வாங்கியது.

இலக்கணமும் நம் பக்கம்தான். கேம்புக் முழுவதும் வாசகரை 'நீ' என்றே அழைக்கும். 'நீ கதவைத் திறக்கிறாய்' என்பதில் ஆணா பெண்ணா என்ற பேச்சே இல்லை. எந்தப் பிள்ளையும் கதாநாயகன் ஆகலாம். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. வழியில் டீக்கடைக்காரர் பேசினால் 'தம்பி' என்பாரா, 'பாப்பா' என்பாரா? கதையின் தொடக்கத்திலேயே கேட்டு, ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

நாமே எழுதலாம்

இதற்காக 'ட்வைன்' என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறது. கிறிஸ் கிளைமாஸ் என்பவர் 2009-ல் வெளியிட்டார். டவுன்லோட் செய்தும் பயன்படுத்தலாம், பிரவுசரிலும் பயன்படுத்தலாம். ஒவ்வொரு பத்திக்கும் திரையில் ஒரு கட்டம் வரும். கட்டத்துக்குள் [[மலைப்பாதையில் நட]] என்று இரட்டைச் சதுர அடைப்புக்குள் டைப் செய்தால் அதுவே லிங்க் ஆகிவிடும். அந்தப் பெயரில் அடுத்த கட்டமும் தானே உருவாகும். யூனிகோட் தமிழில் டைப் செய்யுங்கள். முடித்ததும் பப்ளிஷ் செய்தால் ஒரே ஒரு எச்.டி.எம்.எல். பைல் கிடைக்கும். பென் டிரைவில் போட்டு யாருக்கும் கொடுக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. பிரவுசரில் எழுதினால் கதை அந்தப் பிரவுசருக்குள்ளேயே சேமிக்கப்படும். அதில் சேமித்த தகவல்களைச் சுத்தம் செய்தால் கதையும் போய்விடும். ஆகவே தினமும் எழுதி முடித்ததும் பைலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறர் எழுதிய புத்தகங்களை அனுமதி இல்லாமல் மொழிபெயர்த்துப் பரப்பவும் வேண்டாம்.

சொந்தக் கதைக்கா பஞ்சம்? நானும் அக்கா மகளும் 30 கட்டத்தில் ஒரு கதை எழுதியிருக்கிறோம். ஆலங்காயத்தில் கடைசி பஸ் போய்விட்டது. ஜவ்வாது மலை ஏறி, 1986-ல் திறந்த 2.34 மீட்டர் டெலஸ்கோப் இருக்கும் காவலூருக்கு விடிவதற்குள் போக வேண்டும். மலைப்பாதையில் டார்ச் இல்லாவிட்டால் ஆபத்து. டெலஸ்கோப் பக்கத்தில் டார்ச் அடித்தால் நட்சத்திரம் தெரியாது, ஆட்டம் முடிந்தது. எங்கே அணைப்பது என்பதுதான் விளையாட்டு. இந்த விதியைச் சொன்னது அவள்தான், நான் இல்லை.

தமிழில் நல்ல கேம் இல்லை என்று அலுத்துக்கொள்வதை விட, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பிள்ளையை உட்கார வைத்துப் பத்துக் கட்டம் எழுதிப் பாருங்கள். முதல் கட்டத்தில் உங்கள் தெருவை வையுங்கள். அங்கிருந்து இரண்டு வழி பிரியட்டும். எந்த வழியில் என்ன இருக்கிறது என்று பிள்ளையே சொல்லட்டும்.