ஆலை ஜன்னல்களின் இரவு

இருட்டை வரையக் கறுப்பு மட்டும் போதாது என்பது ஓவியர்களுக்கு நெடுநாளாகத் தெரியும். இமயமலை அடிவாரத்துப் பஹாடிச் சிற்றோவியங்களில் நள்ளிரவில் காதலனைத் தேடிப் போகிறவளின் முகம் பகலில் இருப்பதுபோலவே துலங்கும். இரவென்று சொல்ல ஒரு பிறையும் சாம்பல்நீல வானமுமே அவர்களுக்குப் போதுமாயின. ஒளி எங்கிருந்து எங்கே விழுகிறது என்ற கணக்கு வேறு மரபுகளில் வந்தது. திம்பம் ஏறி மைசூருக்குச் சுற்றுலா போன கொங்குக் குடும்பங்கள் பலவும் ஜெகன்மோகன் அரண்மனையில் ஓவியர் ஹல்தங்கரின் விளக்கேந்திய பெண் ஓவியத்தைப் பார்த்திருக்கும். 1940களில் நீர்வண்ணத்தில் தீட்டியது. சுடரை மறைக்கும் கையின் விரல்கள் உள்ளிருந்தே செந்தணலாகக் கனிவதைப் பார்த்தவர்கள் எளிதில் மறப்பதில்லை.

ஆனால் நம் கோவைக்கு இன்னும் நெருங்கிய ஓர் இரவு இங்கிலாந்தில் வரையப்பட்டது. டார்பி நகரத்து ஜோசப் ரைட் 1782 வாக்கில் கிராம்ஃபோர்டில் ஆர்க்ரைட்டின் நூற்பாலைகளைத் தீட்டினார்: மேலே மேகத்தினூடே குளிர்ந்த நிலா, கீழே வரிசை வரிசையாக மஞ்சள் ஜன்னல்கள். உறங்குவதற்கென்றிருந்த பொழுது உழைப்பின் பொழுதாக மாறியதற்கு அந்த இரண்டு ஒளிகளே சாட்சி. நூறாண்டு கழித்து, 1888இல், ஸ்டேன்ஸ் மில்லோடு அதே மாற்றம் கோவைக்கும் வந்தது. 1932இல் பைக்காரா மின்சாரம் பிறந்தபின் ஆலைகள் பெருகின, சங்கொலி ஊரின் கடிகாரமாயிற்று. அந்தக் கூலியில் படித்து, அந்த நைட் ஷிப்டுகளின் தயவில் வீடு கட்டியவர்களின் பிள்ளைகள் நாம்.

அந்த இரவுக்கென்று ஒரு நிறம் உண்டு. மங்கிய ஒளியில் சிவப்பு முதலில் கறுத்துவிடும், நீலம் கடைசிவரை நிற்கும். கண்ணின் இயல்பு அது. ஆகவே ஆலைச் சுவரின் செங்கல்லைச் சிவப்பாகத் தீட்டினால் இரவு கெட்டுவிடும், ஊதா கலந்த பழுப்பே பொருந்தும். டியூப்லைட்டின் வெளிறிய வெள்ளை பஞ்சுத்தூசியில் பட்டுப் புகைபோலக் கலங்கும். வாசல் டீக்கடையின் குண்டு பல்பு அதற்கு எதிரே மஞ்சளாய் நிற்கும். எத்தனையோ ஆலைகள் மூடிவிட்டன, சில இடங்களில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. சோமனூரிலும் பல்லடத்திலும் தறிகள் இன்னும் இரவில் ஓடுகின்றன. கோவையின் இளம் ஓவியர்கள் வண்ணப் பெட்டியோடு அங்கே ஓர் இரவாவது போய் நிற்க வேண்டும்.