பகைக்குக் கொள்கை தேவையில்லை

2021 மே மாதம், வாக்கு எண்ணி இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. சென்னை முகப்பேரில், ஜெயலலிதா ஆட்சியில் தொடங்கிய அம்மா உணவகம் ஒன்றில் புகுந்த சிலர் அங்கிருந்த பலகைகளைப் பிடுங்கி வெளியே எறிந்தார்கள். யாரோ கைப்பேசியில் எடுத்த காட்சி அன்றே ஊரெங்கும் பரவியது. வென்ற தி.மு.க.வின் தலைமை சம்பந்தப்பட்டவர்களைக் கட்சியிலிருந்து நீக்கியது; பலகைகள் பழைய இடத்துக்கே திரும்பின. உணவகத் திட்டமும் கைவிடப்படவில்லை. பலகையை எறிந்தவர்களுக்கு ஒரு ரூபாய் இட்லியின் மேல் என்ன கோபம் இருந்திருக்க முடியும்? மலிவு விலையில் ஏழைக்குச் சோறு போடுவதை எதிர்க்கிற பெரிய கட்சி தமிழ்நாட்டில் இல்லை.

கொள்கை விலக விலகத்தான் வாக்காளர்களுக்குள் பகை முற்றுகிறது என்று அரசியல் கட்டுரைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நம் ஊர் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டுத் தனிக்கட்சி கண்ட பிறகு, இரு கழகங்களும் செய்தவற்றை அடுக்கிப் பாருங்கள். பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 1980இல் 31 சதவீதத்திலிருந்து 50 ஆக்கியவர் எம்.ஜி.ஆர். அதற்குள் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதத்தைப் பிரித்துக் கொடுத்தவர் கருணாநிதி. மொத்த ஒதுக்கீடு 69 சதவீதம் என்பதற்கு 1993இல் சட்டம் போட்டு, அடுத்த ஆண்டு அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் ஏற்ற வைத்தவர் ஜெயலலிதா. 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவில் முட்டை வைத்தது தி.மு.க. ஆட்சி. ஒருவர் தொலைக்காட்சிப் பெட்டி கொடுத்தார், அடுத்தவர் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தார். இருமொழிக் கொள்கையில் இருவருக்கும் தகராறே கிடையாது. பெயரை மறைத்துவிட்டுத் தேர்தல் அறிக்கையைப் படிக்கக் கொடுத்தால் எந்தக் கழகத்துடையது என்று கழகத்துக்காரரே தடுமாறுவார்.

இதே ஐம்பது ஆண்டுகளில்தான் 1989 மார்ச் 25 சட்டமன்ற அமளி நடந்தது. 2001 ஜூன் 30 அன்று கருணாநிதியின் நள்ளிரவுக் கைது நடந்தது. ஜெயலலிதாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்த 2000 பிப்ரவரி 2 அன்று தருமபுரியில் கல்லூரிப் பேருந்து எரிக்கப்பட்டு மூன்று மாணவிகள் மாண்டார்கள். அந்தப் பிள்ளைகள் வேளாண் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார்கள்; கல்விச் சுற்றுலா போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் அந்த வழக்குக்கும் எள்ளளவும் தொடர்பில்லை.

ஆட்சி மாறிய 2011ஐ மட்டும் தனியே எடுத்துப் பார்க்கலாம். ஓமந்தூரார் தோட்டத்தில் முந்தைய ஆண்டு திறந்த தலைமைச் செயலகம் மருத்துவமனையாகும் என்று அறிவிப்பு வந்தது. கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தை இடம் மாற்றும் முடிவுக்கு நீதிமன்றம் தடை போட வேண்டியிருந்தது. சமச்சீர்க் கல்விப் புத்தகங்கள் அச்சாகித் தயாராக இருந்தும், பள்ளி திறந்து பல வாரங்களுக்குப் பிள்ளைகள் வெறுங்கையோடு போய்வந்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே புத்தகம் கைக்கு வந்தது. வந்தபோது சில பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மறைத்த இடத்தைச் சுரண்டிப் பார்க்காத பிள்ளை உண்டா? அந்த ஆண்டு நம் பிள்ளைகள் கற்ற முதல் குடிமைப் பாடம் அந்த ஸ்டிக்கர்தான்.

கொள்கை இல்லையென்றால் பகை எங்கிருந்து வருகிறது? பதவிச் சண்டை, தலைவர்களின் சொந்த வன்மம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். தலைவர்களுக்கு அது பொருந்தும். ஊரில் கொடி கட்டுகிறவருக்கு ஏன் கண் சிவக்கிறது என்பதற்கு அந்தப் பதில் போதாது. அதற்கு மக்கள் நலப் பணியாளர்களின் கதையைக் கேட்க வேண்டும். 1990 வாக்கில் தி.மு.க. அரசு இவர்களை ஊராட்சிகளில் அமர்த்தியது. 1991இல் ஆட்சி மாறியது, வேலை போயிற்று. 1996 தேர்தலுக்குப் பிறகு திரும்பக் கிடைத்தது. 2001இல் மறுபடியும் போயிற்று. 2006இல் கிடைத்தது. 2011 நவம்பரில் 13,000 பேருக்கும் மேல் ஒரே அரசாணையில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. சொற்பச் சம்பளம்தான், ஆனால் அதை நம்பி மகளுக்குக் கல்யாணம் பேசியவர்களும் கடன் வாங்கிக் கூரையை மாற்றியவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். இப்படிப்பட்ட வீட்டில் தேர்தல் முடிவு நாளன்று தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு எதிர்க்கட்சி என்பது மாற்றுக் கருத்தாகத் தெரியாது. அடுப்பை அணைக்க வருகிறவனாகத்தான் தெரியும். அவர் வெறுப்பதை மடமை என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

மற்றவர்களுக்கும் அளவில்தான் வித்தியாசம். முதியோர் உதவித்தொகை, குடிநீர் இணைப்பு, நூறு நாள் வேலையில் பெயர், கால்வாய் தூர்வாரும் ஒப்பந்தம், சத்துணவு ஆயா வேலைக்கு ஒரு சிபாரிசுக் கடிதம். சட்டப்படி இவற்றுக்கெல்லாம் விதி உண்டு, விண்ணப்பம் உண்டு. நடைமுறையில் ‘நம்ம ஆளு’ வேண்டும். நம்ம ஆளு தோற்றால் ஐந்து ஆண்டுக்கு அலுவலக வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். உரிமையாகக் கிடைக்க வேண்டியதைக் கட்சி வழியாக வாங்கும்படி வைத்திருக்கும் வரை, வாக்காளர் பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

அமெரிக்காவில் வேறொன்று நடந்திருக்கிறது. மகனோ மகளோ எதிர்க்கட்சிக்காரரை மணந்தால் மனம் வருந்துவீர்களா என்று 1960இல் கேட்டபோது, ஆம் என்றவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். 2010இல் குடியரசுக் கட்சியினரில் ஏறக்குறையப் பாதிப்பேரும் ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒரு பங்கினரும் ஆம் என்றார்கள். சாந்தோ ஐயங்காரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2012இல் எழுதிய கட்டுரை, இந்த வெறுப்பின் பெரும்பகுதியைக் கொள்கை வேறுபாட்டால் விளக்க முடியாது என்றது. டக்ளஸ் ஆலர், கௌரவ் சூட் ஆகியோரின் 2018 ஆய்வு இன்னும் வேடிக்கையானது. குடியரசுக் கட்சியினரில் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, மக்கள் சொன்ன கணக்கின் சராசரி 38 சதவீதம். உண்மையில் 2 சதவீதம். எதிரியைப் பார்த்துப் பகைக்கவில்லை, வரைந்துகொண்டு பகைக்கிறார்கள். நம் இணையத்தில் எதிர்க்கருத்து எழுதுகிற எவனும் இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு எழுதுகிறான் என்ற தீர்ப்பு விழுகிறதே, அதுவும் இதே வரைகலைதான்.

லிலியானா மேசன் என்ற அரசியல் அறிஞர் சொல்லும் காரணம் நாம் கவனிக்க வேண்டியது. முன்பு அங்கே ஒரே தேவாலயத்தில், ஒரே தொழிற்சங்கத்தில் இரு கட்சிக்காரர்களும் இருந்தார்கள். மெல்ல மெல்ல இனம், மதம், வசிக்கும் இடம் எல்லாம் கட்சிக்கோட்டின் மேலேயே வந்து படிந்துவிட்டன. தோற்றால் கட்சி மட்டுமல்ல, தன் கூட்டமே தோற்றதாக ஆகிவிடுகிறது.

தமிழ்நாட்டை இதுவரை காப்பாற்றியது கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடியதுதான். அப்பா உதயசூரியன், அம்மா இரட்டை இலை என்ற வீடுகள் ஏராளம். ஒரே சாதிக்குள் இரு கழகத்துக்கும் ஆள் உண்டு. பங்காளிகளில் ஒருவர் இங்கே, மற்றவர் அங்கே. சாவுக்கும் வளைகாப்புக்கும் இரண்டு கரைவேட்டியும் ஒரே பந்தியில் உட்காரும். (கட்சி பார்த்துப் பெண் கொடுக்க மறுத்தவரை நாம் அதிகம் கண்டதில்லை. சாதி பார்க்காமல் கொடுத்தவரையும்தான்.) இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சாதியும் கட்சியும் ஒரே கோடாக ஆனால், அல்லது மதமும் கட்சியும் ஒரே கோடாக ஆனால், பலகையைப் பிடுங்குவதோடு நிற்காது என்று எச்சரிக்கத்தான் சொல்கிறோம். அதற்கான வேலைகள் மும்முரமாக நடக்கின்றன. கோயில் திருவிழாவிலும் குருபூஜையிலும் கட்சிக்கொடி முன்னால் வருகிற ஊர்கள் கூடிக்கொண்டே போகின்றன. சமூக ஊடகத்தில் உபி, சங்கி, தம்பி, அணில் என்று கட்சிவாரியாகப் பட்டம் கட்டுகிற இளைஞர்களில் பலருக்கு எந்தக் கட்சியாலும் ஒரு குழாய் இணைப்புகூடக் கிடைத்ததில்லை. ஆதாயமே இல்லாத பகை இது. ஆதாயப் பகையையாவது ஓர் அரசாணையால் தணிக்கலாம்.

கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்களைக் கட்சிச் சின்னம் இல்லாமல்தான் நடத்த வேண்டும் என்பது நம் சட்டம். நல்ல ஏற்பாடு. ஆனால் தேர்தலை நடத்தினால்தானே? 2016இலிருந்து மூன்றாண்டுக்கு மேல் நடத்தவில்லை. 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகளின் காலம் முடிந்ததும் தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் இல்லாத ஊராட்சியில் மக்கள் யாரிடம் போவார்கள்? கட்சிக்காரரிடம்தான். முதல் தாமதம் ஒரு கழகத்தின் ஆட்சியில், அடுத்த தாமதம் மற்றதன் ஆட்சியில். இதிலும் கொள்கை ஒன்றுதான்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தத் தலையங்கம் எந்தக் கட்சிக்குச் சாதகம் என்று கேட்டு எழுத வேண்டாம். உங்கள் ஊரில் முதியோர் உதவித்தொகைக்கு யாரைப் பார்க்க வேண்டியிருக்கிறது, ஆட்சி மாறியபோது யார் யாருக்கு என்னென்ன நின்றுபோயிற்று, கிராம சபையில் கடைசியாக எதைப் பற்றிப் பேசினார்கள் என்று எழுதியனுப்புங்கள். ஒரு பக்கம் போதும். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம். அடுத்த இதழில் அவற்றுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம்.